காட்டூர் வீடு, வாடகை, பத்து சதவீதம்

திருச்சியில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. போட்டால் வயிறு எரியும். எங்கள் காட்டூர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் கிரவுண்டு மனை. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒன்று. இன்றைக்கு விற்றால் 90 லட்சம் தாண்டும் என்கிறார்கள் தரகர்கள். தரகர் வாயில் வரும் விலையில் பத்து லட்சத்தைத் தள்ளிவிட்டாலும் 80 நிற்கும். கீழ்வீட்டு வாடகை 12,000, மாடிக்கு 9,500. வருஷத்துக்கு 2,58,000 ரூபாய். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், மாநகராட்சி, பிளம்பர், பெயின்டர் எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது இரண்டு லட்சத்துக்குள். அதே 80 லட்சம் வங்கியில் கிடந்தால் வட்டி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் வரும்.

இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "அப்பா பி.எஃப். பணத்துல கட்டின வீடு. அதுக்குப் போய் வட்டி பாக்குறியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அக்கா தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மாவும் இப்போது என்னோடு சிங்கப்பூரில்தான். வீடு அங்கே, நாங்கள் இங்கே. நடுவில் ஓர் ஆள் வேண்டும். இங்கே என்னோடு வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் "உங்க வீட்டை யாருக்கா பாத்துக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் பால்பண்ணை, அரியமங்கலம் தாண்டி, திருவெறும்பூருக்கு முன்னால் வருவது காட்டூர். மாநகராட்சிக்குள்தான், ஆனாலும் "டவுனுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் இன்னமும் சொல்வார்கள். இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இருக்கும் நகர்களில் பாதிக்கு மேல் பெல் சம்பளத்தில் எழும்பியவை. 1960களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. பக்கத்திலேயே துப்பாக்கித் தொழிற்சாலை. துவாக்குடியில் ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரி, இன்றைக்கு அது என்ஐடி. குவார்ட்டர்ஸில் காலம் தள்ளியவர்கள் ரிடையர் ஆவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் கைலாஷ் நகரிலும் அம்மன் நகரிலும் மனை வாங்கிப் போட்டுக் கட்டினார்கள். வீடுகள் எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். முன்னால் கிரில் போட்ட வராண்டா, ஓரத்தில் ஒரு முருங்கை, பக்கவாட்டில் வெளியிலிருந்தே மாடிக்கு ஏறும் படி. அந்த வெளிப்படியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கட்டும்போதே மாடியை வாடகைக்கு விட நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று.

கட்டியவர்களின் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், அல்லது பூட்டு தொங்குகிறது. ஆக, வாடகைக்கு வீடு நிறைய. குடிவருகிறவர்கள் எண்ணிக்கைதான் ஏறி இறங்கும். அது பெல்லின் ஆர்டரைப் பொறுத்தது. 2010களின் நடுவில் அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன் ஆர்டர்கள் சுருங்கியபோது, பெல்லை நம்பி துவாக்குடியில் நடந்த பட்டறைகள் வேலை இல்லாமல் தவித்தன. வெல்டர்கள் குஜராத்துக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பினார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் டு-லெட் அட்டை இல்லாத கேட்டே இல்லை. அப்பா மாடி வாடகையை 6,000-லிருந்து 5,000-க்கு இறக்கினார். வாடகை இறங்கியதை என் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது நிலைமை பரவாயில்லை. என்ஐடியில் ஆராய்ச்சி செய்யும் குடும்பஸ்தர்கள், தனியார் மருத்துவமனை நர்சுகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பெல்லுக்குள் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் என்று கலவையாக வருகிறார்கள். மனை விலை விஷயம் வேறு. நிலத்தின் விலை வேலைவாய்ப்பைப் பார்த்து ஏறுவதில்லை, பேச்சைக் கேட்டு ஏறுகிறது. பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் வரப்போகிறது என்ற பேச்சிலேயே அந்தப் பக்கம் மனை விலை ஏறிவிட்டது. 2025 மே மாதம் அதைத் திறந்து, ஜூலையிலிருந்து பஸ் ஓடத் தொடங்கியதும் எடமலைப்பட்டிப்புதூரிலும் கே.கே. நகரிலும் வீட்டுக்காரர்கள் வாடகையைக் கூட்டிக் கேட்டார்கள். காட்டூர் ஊரின் மறுகோடி. எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துத் தரகர் "பஞ்சப்பூர் எஃபெக்ட் இங்கயும் இருக்கு" என்று கூசாமல் சொல்கிறார்.

எங்கள் பக்கத்தின் தலைவலி சர்வீஸ் ரோடு. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு அணுகுசாலை வேண்டும் என்று மக்கள் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள். அணுகுசாலை இல்லாமல் நாலுவழிச் சாலையில் விபத்துக்கு மேல் விபத்து. நிலம் எடுத்தால் கடை போய்விடும் என்று வியாபாரிகள் எதிர்க்கிறார்கள். நடுவில் மேம்பாலம் என்று ஒரு பேச்சு வரும், போகும். அதனால் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு வாங்க வருகிறவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் டேப்பை எடுத்து ரோட்டிலிருந்து அளக்கிறார். எங்கள் வீடு உள்ளே ஐந்தாவது தெருவில் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

சரி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு சில வருஷம் சித்தப்பா மகன்தான் பார்த்துக்கொண்டார். எனக்கு அண்ணன் முறை. காசு வாங்க மாட்டார். "நம்ம வீடும்மா, இதுக்குப் போய்க் காசா?" என்பார். நல்ல மனிதர். கொரோனா ஊரடங்கில் மாடியில் இருந்தவர்களுக்கு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்லக்கூட இல்லை. ஆனால் கீழே குடிவைத்தது அவருடைய நண்பரை. நண்பரிடம் ஐந்தாம் தேதி வாடகை கேட்க முடியுமா? இருபதாம் தேதி வரும், சில மாதம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். நான் கணக்குக் கேட்டால் அண்ணன் முகம் வாடும். "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்க மாட்டார், அண்ணி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பார். இலவசம் என்பதும் பெயருக்குத்தான். அண்ணன் மகள் காதுகுத்துக்கு நான் போட்ட மோதிரம், பொங்கலுக்குப் பொங்கல் அனுப்பிய பணம், ஊருக்குப் போகும்போது சுமந்த சாமான் எல்லாம் சேர்த்தால் இப்போது கொடுக்கும் கட்டணத்தைத் தாண்டும். அவருக்கு மாற்றலாகித் திருப்பூர் போனார். இரண்டு வீட்டுக்குமே நிம்மதி.

அப்புறம் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன். பெரிய ஊரிலிருந்து செயலி வைத்து நடத்துகிறவர்கள். வீட்டைப் படம் எடுத்து இணையத்தில் போட்டது என்னவோ அழகாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுச் சமையலறை இவ்வளவு பெரிதா என்று அம்மாவே ஆச்சரியப்பட்டார். ஆனால் காட்டூரில் அவர்களுக்கு ஒரு பிளம்பர் கிடையாது. மோட்டார் ஓடவில்லை என்று குடியிருப்பவர் சொன்னால் எனக்கு ஒரு புகார் எண் வரும். எண் வந்த மூன்றாம் நாள் இன்னொரு எண் வரும். தண்ணீர் வராது. குடிவருகிறவரிடமும் ஒரு மாத வாடகையைச் 'சேவைக் கட்டணம்' என்று வாங்கியிருக்கிறார்கள், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒப்பந்த காலம் முடிந்ததும் விட்டேன்.

இப்போது இருப்பவரை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். பெல்லில் விருப்ப ஓய்வு வாங்கியவர். ஸ்டோர்ஸில் இருந்தாராம், வேலையில் அது தெரிகிறது. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பிளைவுட் பலகை, அதில் ஆணி அடித்து முப்பது நாற்பது வீட்டுச் சாவிகள், ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எண். எந்த வீட்டுச் சாவிக்கும் பெயர் எழுதமாட்டார், திருடன் வந்தால் சிரமப்படட்டும் என்பார். மனைவி நோட்டில் கணக்கு எழுதுகிறார். மகள் அதை எக்செல்லில் ஏற்றி மாதக் கடைசியில் வாட்ஸப்பில் அனுப்புகிறாள். கட்டணம் வாடகையில் பத்து சதவீதம். புதுக் குடித்தனம் வைத்தால் அரை மாத வாடகை. குடிவருகிறவரிடம் எதுவும் வாங்குவதில்லை. திருச்சியில் தரகர்கள் இரண்டு பக்கமும் ஒரு மாத வாடகை வாங்குவதுதான் வழக்கம் என்பதால் இதற்காகவே அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

வாடகை வசூலிப்பதற்காக அவருக்குப் பணம் கொடுக்கிறேன் என்று நினைத்தால் அது தப்பு. வாடகை நேரே என் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வந்துவிடும், அவர் கைக்குப் போவதே இல்லை. இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாடகையைத் தான் வாங்கி, கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறேன் என்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். ஆள் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் என்றைக்கோ ஒருநாள் அவருக்கு ஒரு கல்யாணச் செலவு வரும்.

அவருக்கு நான் கொடுப்பது, பஞ்சாங்கம் தெரிந்ததற்கும் பஞ்சாயத்து செய்வதற்கும்.

பஞ்சாங்கம் என்றது விளையாட்டுக்கு இல்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மார்கழியில் மாட்டார்கள். புரட்டாசியிலும் பலர் யோசிப்பார்கள். ஆனிக் கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி முகூர்த்தம் வரை வீடு சும்மா கிடக்கும். வாடகை வீடாக இருந்தாலும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சித்தானே வருகிறார்கள்! அதனால் ஒப்பந்தத்தின் பதினோரு மாதம் எங்கே முடிகிறது என்பதில் அவர் கவனமாக இருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால், சித்திரை வைகாசியில் முடிகிற மாதிரி தேதி வைப்பார். ஒருமுறை புதுக் குடித்தனத்துக்கு எட்டு மாதத்துக்கே ஒப்பந்தம் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பதினொண்ணு போட்டா ஆடியில முடியும் மேடம். எட்டு போட்டு, அப்புறம் பதினொண்ணு பதினொண்ணா போட்டுக்கலாம்" என்றார். புகார் எண் அனுப்பியவர்களுக்கு இது தெரியாது. (பதினோரு மாதம் என்பதே பதிவுச் சட்டத்தால் வந்த பழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பதினொன்றில் நிற்கிறார்கள்.)

வாடகை ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாடிக்கு 500 ரூபாய் கூட்டலாமா என்று கேட்டேன். "கூட்டுங்க. அவங்க காலி பண்ணி ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா 9,250 போச்சு. புது ஆளு வச்சதுக்கு எனக்கு ஐயாயிரம் கொடுப்பீங்க. இந்த 500 அதை எடுத்துக் கொடுக்க ரெண்டு வருசத்துக்கு மேல ஆகும்" என்றார். தன் வருமானத்துக்கு எதிராகத் தானே வாதாடும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வருஷம் 250 கூட்டினோம்.

இன்னொரு தடவை ஒரு பட்டறைக்காரர் கீழ்வீட்டை ஒத்திக்குக் கேட்டார். ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, மூன்று வருஷம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காலி செய்வார். எனக்குக் கொஞ்சம் சபலம்தான். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "ஆறு லட்சத்தையும் செலவு பண்ணிட்டீங்கன்னா மூணு வருசம் கழிச்சு வீடு யாருது மேடம்?" விட்டுவிட்டேன்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் உரசல். திருச்சியில் வீடு பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் "நீங்க என்ன ஆளுங்க?" வந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் 'சைவம் மட்டும்' என்று அட்டையிலேயே இருக்கும். காட்டூரில் அட்டையில் இருக்காது, வராண்டாவில் உட்காரவைத்துச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். முஸ்லிம் குடும்பங்களும், கல்யாணம் ஆகாதவர்களும், தனியாக இருக்கும் பெண்களும் படும் பாடு தனி. சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் பார்க்கலாம், சாதி மதம் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். "நான் கேக்க மாட்டேன் மேடம். தெரு கேக்கும்" என்றார். தெரு கேட்டது. மாடிக்கு இரண்டு நர்சுப் பெண்கள் வந்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள் என்று மூன்று வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன். மேனேஜர் ஒரு சாயங்காலம் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்றேன். "நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா முதல்ல ஓடி வரப்போறது அந்தப் புள்ளைங்கதான்னு சொன்னேன்" என்றார். போன் நின்றது. அவர்கள் மனம் மாறியதாக எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நான் சிங்கப்பூரிலிருந்து பேசியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

அட்வான்ஸும் வெள்ளையடிப்பும் அடுத்த பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷ வாடகைச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் வருவதானால் இருபத்துநாலு மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும் என்கிறது. நடப்பில் பலர் ஐந்து மாதம், பத்து மாதம் வாங்குகிறார்கள். சட்டத்தின் பின்னிணைப்பில் எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், உடைந்த கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். நான் இந்தப் பட்டியலைக் காட்டிப் பிடிக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். "நீங்க பிடிக்கலேன்னா மத்த முப்பது ஓனரும் என்னைப் பிடிப்பாங்க." கடைசியில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவர்களிடம் பிடிப்பதில்லை, சுவரைப் பாழாக்கியிருந்தால் மட்டும் அதற்கான செலவு என்று முடிவானது. உள்ளே வரும்போதே ஃபேன், டியூப் லைட், மீட்டர் ரீடிங் என்று இரண்டு தரப்பும் நிற்க வீடியோ எடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

மூவாயிரம் ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று பேச்சு. போர்வெல் மோட்டார் போனபோது புதிது வாங்கலாமா, காயில் கட்டலாமா என்று கழற்றிய மோட்டாரைக் காட்டி வீடியோ அனுப்பினார். காயில் கட்டினோம். பிளம்பரிடம் இவருக்குக் கமிஷன் உண்டா என்று தெரிந்துகொள்ள அக்கா வீட்டுக்காரர் வேறு கடையில் விலை விசாரித்தார். இருநூறு முந்நூறு கூடத்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வருகிற பிளம்பருக்கு முந்நூறு அதிகமில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். கீழே இருந்த குடும்பத்தில் கணவனுக்கு பட்டறை வேலை போய்விட்டது. இரண்டு மாதம் வாடகை வரவில்லை. மேனேஜர் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். மூன்றாம் மாதம்தான் தெரிந்தது, "பையன் பத்தாவது பரீட்சை முடியட்டும், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்" என்று இவரே வாக்குக் கொடுத்துவிட்டார் என்று. என் பணத்தில் இவர் எப்படித் தர்மம் செய்யலாம்? போனில் கத்தினேன். "கத்துங்க மேடம். அட்வான்ஸ் உங்க கையிலதான இருக்கு, உங்களுக்கு நஷ்டமில்லையே. பரீட்சை நேரத்துல சாமானை ஏத்தச் சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். கணக்கு சரிதான். ஆனாலும் என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அம்மா என்னைக் கேட்டார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது எனக்கும் மேனேஜருக்கும் உள்ள ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: ஒரு மாத வாடகை தவறினால் பத்தாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

கடிதம் என்றதும் பத்திர விஷயம். சட்டமே 'சொத்து மேலாளர்' என்று ஒருவரை ஏற்றுக்கொள்கிறது. மேலாளர் வைத்திருந்தால் அவர் யார், என்ன அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் குடியிருப்பவரைத் தொந்தரவு செய்தால் வாடகை நீதிமன்றத்தில் முறையிட முடியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் சோம்பல்பட்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். விற்கும் அதிகாரமும் சேர்த்துக் கொடுத்த பத்திரத்தால் ஊரில் எத்தனை வீடு கைமாறியிருக்கிறது என்று எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். நான் கொடுத்தது சிறப்பு அதிகாரப் பத்திரம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், அதைப் பதியலாம், வாடகை அதிகாரி முன்னால் எனக்காக நிற்கலாம். விற்க, அடகு வைக்க, ஒத்திக்கு விட உரிமை இல்லை என்று தனியாகவே எழுதினோம். சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இப்படி வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. 12,000 ரூபாய் வாடகை கொடுக்கும் ஆசிரியர் இதற்காக டேன் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்கி நான் பார்த்ததில்லை. ஒரு கம்பெனி தன் இன்ஜினியர்களுக்காக மாடியை எடுத்தபோது மட்டும் ஒழுங்காகப் பிடித்தார்கள், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கினேன். சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவாகக் கிடைக்கும். மேனேஜர் கட்டணத்துக்குத் தனியாகக் கழிவு கிடையாது, அது அந்த முப்பதுக்குள்ளேயே அடக்கம். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள். எங்கள் மேனேஜரிடம் கேட்காதீர்கள், அவருக்கு வரி சுத்தமாக வராது. ரசீது எழுதச் சொன்னாலே இரண்டு மாத ரசீதைச் சேர்த்து எழுதுகிற ஆள்.

போன வாரம் பேசும்போது கட்டணத்தைப் பன்னிரண்டு சதவீதம் ஆக்க வேண்டும் என்றார். பெட்ரோல், பையன்களுக்குச் சம்பளம், புது ஓனர்கள் எல்லோரும் பன்னிரண்டு தருகிறார்கள் என்று காரணங்கள். வாடகையை 500 கூட்டினால் ஆள் காலி செய்துவிடுவார் என்று எனக்கு வகுப்பெடுத்தவர் இவர்தானே என்று ஞாபகப்படுத்தினேன். "அது குடியிருக்கிறவங்களுக்கு மேடம். நீங்க எங்க போகப்போறீங்க?" என்றார். பதினொன்று என்று சொல்லியிருக்கிறேன்.